மூன்று துளைகளும் ஒரு பிஸ்டனும்

மதுரையில் 1911ஆம் ஆண்டு வேரூன்றிய டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம், 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்னும் மொபெட்டை வெளியிட்டது. இருவர் ஏறிச் செல்லும் மொபெட் இந்தியாவில் அதுவே முதலாவது. கர்நாடக எல்லையில் இருக்கும் ஓசூர் அந்நாளில் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல்தான் பிரிந்தது. பால் கேன், காய்கறி மூட்டை, பள்ளிப்பிள்ளை என எதையும் சுமந்த அந்த வண்டி பழுதானால், புளியமரத்தடிப் பட்டறையே போதுமானதாயிருந்தது. காரணம், அதன் இரு வீச்சு எஞ்சின்.

பிஸ்டன் ஒரு முறை மேலேறுவதோ கீழிறங்குவதோ ஒரு வீச்சு. ஜெர்மனியில் ஆட்டோ 1876இல் உருவாக்கிய எஞ்சினுக்கு நான்கு வீச்சுகளும் வால்வுகளும் வேண்டும். ஸ்காட்லாந்துக்காரரான டுகால்ட் கிளார்க் 1881இல் காப்புரிமை பெற்ற எஞ்சினுக்கு இரண்டு வீச்சுகள் போதும். ஆனால் கலவையைத் தள்ளிவிட இன்னொரு சிலிண்டர் தேவைப்பட்டது. இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோசப் டே 1891இல் அதையும் நீக்கினார். பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க் அறையே பம்பாக வேலை செய்தது. அப்போதும் ஒரு வால்வு எஞ்சியிருந்தது. அதை ஒழித்தவர் டேயிடம் பணியாற்றிய ஃபிரெடரிக் காக். பிஸ்டனின் பக்கச் சுவரே துளைகளைத் திறந்து மூடட்டும் என்பது அவர் யோசனை. 1892இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஓசூர் மொபெட்டின் மூதாதை இதுவே எனலாம்.

பிஸ்டன் மேலேறும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை கிராங்க் அறைக்குள் நுழைகிறது. மேலே முன்பு வந்த கலவை அழுந்துகிறது. ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. முதலில் புகைத் துளை திறக்கிறது. சற்றுப் பின் மாற்றுத் துளை வழியே புதுக் கலவை மேலே பாய்ந்து புகையை வெளியே தள்ளுகிறது. அதில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு போய்விடுவதும் உண்டு! கலவை ஓடும் கிராங்க் அறையில் ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. ஆகவே ஆயிலைப் பெட்ரோலிலேயே கலக்கிறோம்: வண்டிக்கேற்ப லிட்டருக்கு 20 முதல் 40 மி.லி. வரை. குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்; மிகுந்தால் கரி படியும்.

இவ்வண்டிகளின் பராமரிப்பில் பெரும்பகுதி கரி எடுப்பதுதான். எஞ்சின் நன்கு ஆறிய பிறகு சைலன்சரைக் கழற்றி, பிஸ்டனை மேலே கொண்டுவந்து புகைத் துளையை மூடிக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் கரி சிலிண்டருக்குள் விழும். அலுமினியப் பிஸ்டனில் ஸ்க்ரூ டிரைவர் கீறல் விழுந்தால் அழுத்தம் போயிற்று. மூங்கில் சிம்பே நல்லது.

பிளக்கைக் கழற்றி அங்கேயே சிலிண்டர் தலையில் வைத்து, பெடலை மிதித்துப் பொறி பார்க்கும் வழக்கம் மிக ஆபத்தானது. பிளக் இருந்த துளை வழியே பீறிடும் பெட்ரோல் ஆவியில் அந்தப் பொறியே தீ மூட்டும். பொறி பார்க்கத்தான் வேண்டுமென்றால், பிளக்கைத் துளையிலிருந்து விலக்கி, எஞ்சின் உலோகத்தில் படும்படி வைக்க வேண்டும். கார்புரேட்டர் ஜெட்டை வாயால் ஊதுவதும், பெட்ரோலில் கை கழுவுவதும் பட்டறைகளில் சர்வ சாதாரணம். நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோல் நடைமுறைக்கு வந்தது 2000ஆம் ஆண்டில். அதுவரை அந்த ஊதலிலும் கழுவலிலும் நரம்பைக் கெடுக்கும் ஈயச் சேர்மமும் கலந்திருந்தது. எத்தனை பட்டறைப் பையன்கள் அதை அறிந்திருப்பார்கள்?

2015இல் வந்த டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 நான்கு வீச்சு வண்டி. புகை குறைந்தது, வால்வுகள் திரும்பி வந்தன. பழைய வண்டியில் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இதன் ஆயில் எஞ்சினின் அடியறையில் தனியாக இருக்கிறது, பெட்ரோலில் ஆயில் கலக்கக்கூடாது.