நாவல் தந்த சரணம்

‘அமேசிங் கிரேஸ்’ என்ற கிறிஸ்தவப் பாடல் பல கதைகளில் வருகிறது. அவற்றில் முக்கியமானது ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ (1852). பிரெஞ்சுவழிப் படிப்பு என்பதால் நான் அதை முதலில் பிரெஞ்சில்தான் படித்தேன்.

பாடலை எழுதிய ஜான் நியூட்டன், ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றிச் சென்ற ஆங்கிலக் கப்பல்களின் கேப்டன். 1748இல் புயலில் சிக்கிக் கடவுளிடம் திரும்பினார். ஆனாலும் தொழிலை விடவில்லை. 1754இல் உடல்நலம் கெட்ட பிறகே கடலை விட்டார். பாதிரியாராகி, 1779இல் பாடலை அச்சிட்டார். அடிமை வியாபாரத்தைக் கண்டித்துப் புத்தகம் எழுதியது 1788இல்தான்.

நாவலில் இதைப் பாடுகிறவன் டாம் என்னும் அடிமை. எஜமான் லெக்ரீ அவனுடைய பக்தியைக் கேலி செய்துவிட்டுப் போன இரவு அது. அவன் பாடும் மூன்று சரணங்களில், நம் எல்லோருக்கும் தெரிந்த முதல் சரணம் இல்லை. இரண்டு நியூட்டனுடையவை. பதினாயிரம் ஆண்டுகளைப் பற்றிய மூன்றாவது சரணம் அவர் எழுதியதல்ல. வேறொரு பழைய பாடலைச் சேர்ந்த அது, அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே வாய்மொழியாக வழங்கியது. நியூட்டனின் வரிகளோடு அது முதலில் அச்சேறியது இந்த நாவலில்தான் என்பார்கள். இருபதாம் நூற்றாண்டில் பாட்டுப் புத்தகங்களும் அதைச் சேர்த்துக்கொண்டன. இன்று கடைசிச் சரணமாகப் பாடுவது அதைத்தான்.

நியூட்டனின் கப்பல் குறிப்பேட்டில் இறந்த அடிமைகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். காலமெல்லாம் பதிவேடு எழுதிய எனக்கு அது உறுத்துகிறது. அவர் பாடலில் அந்த மக்களின் பங்காக ஒரு சரணமாவது நிற்கிறதே என்பதில் சிறு ஆறுதல்.