சேலம், நாமக்கல் சமவெளியின் முட்புதர் நிலம்: அழிந்த காடா, பழைய புல்வெளியா?

வெள்வேலும் உசிலும் ஆங்காங்கே நிற்க, இடையில் கொழுக்கட்டைப் புல் வளரும் சேலம், நாமக்கல் மேய்ச்சல் நிலத்தை மனிதர் வெட்டிக் கெடுத்த காட்டின் மிச்சம் என்றே வனவியல் மரபு கருதிவந்தது. 1968-இல் வெளிவந்த, சாம்பியன், சேத் என்போரின் காட்டு வகைப்பாடும் இத்தகைய முட்புதர்கள் சிலவற்றைச் சிதைவு நிலைகளாகவே வைத்தது. மரம் நட்டால் நிலம் மீளும் என்ற முடிவு இதிலிருந்து எளிதாகப் பிறக்கிறது. ஆனால் இங்கு முன்பு அடர்காடு இருந்தது என்பது நிறுவப்படாத முற்கோள். தொல்காலநிலைச் சான்றுகள் அதற்கு எதிராகவே சாய்கின்றன.

முதற் சான்று அருகிலுள்ள நீலகிரி மலையிலிருந்து வருகிறது. யானை ஆய்வுக்காகப் பெயர்பெற்ற சூழலியலாளர் இராமன் சுகுமார், ஆர். ரமேஷ், ஆர்.கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோருடன் 1993-இல் 'நேச்சர்' இதழில் நீலகிரிச் சதுப்புக் கரிமண் பற்றிய ஆய்வை வெளியிட்டார். மரங்களும் குளிர்நிலப் புற்களும் பின்பற்றும் சி3 ஒளிச்சேர்க்கையில் கார்பன்-13 விகிதம், ஒரு நிலையான அளவோடு ஒப்பிட ஆயிரத்துக்கு ஏறத்தாழ −27 அளவில் நிற்கும். வெப்பநிலப் புற்களின் சி4 முறையில் −13-ஐ ஒட்டி வரும். மட்கிய பின்னும் இவ்வேறுபாடு மண்ணில் தங்கும். பனியூழி உச்சமான சுமார் 18000 ஆண்டுகளுக்கு முன் வறட்சியும் சி4 புல்லும் மேலோங்கியிருந்ததையும், பின்னர் மழை கூடி மரவகைகள் பெருகியதையும், சுமார் 6000 முதல் 3500 ஆண்டுகளுக்கு முன்வரை மீண்டும் வறண்டதையும் அவர்கள் கண்டனர். மலைப் புல்வெளி மனிதர் வெட்டியதால் உண்டானது என்ற வாதம் இதனால் வலுவிழந்தது.

இம்முடிவைச் சமவெளிக்கு அப்படியே இறக்க முடியாது. நீலகிரியின் உயர்பகுதி பெரிதும் தென்மேற்குப் பருவமழையை நம்பியது. நாமக்கல் வடகிழக்குப் பருவமழையையும் எதிர்பார்ப்பது. ஒன்று தளர்ந்தபோது மற்றது வலுத்திருக்கலாம். எனவே சமவெளியின் சொந்த ஆவணம் தேவை. கிணறு வெட்டுவோருக்கு நன்கு பழகிய சுக்கான்கல் அடுக்கே, அதாவது மண்ணுக்குள் திரண்ட சுண்ணாம்புக் கட்டிகளே அது. மண்ணில் இறங்கும் நீர் முழுதும் கழுவிச் செல்லாமல் வற்றும் வறண்ட பருவநிலையில்தான் சுண்ணாம்பு இவ்வாறு திரளும். நிறைமழைக் காட்டுமண்ணில் அது தங்காது. சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புப் பாறையே உண்டு, கல் அதிலிருந்து வந்திருக்கலாமே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் நிக்கோலா துராந்த், யானி கன்னெல் முதலிய ஆய்வாளர்கள் தமிழகத்தில் ஆராய்ந்தவை சிலிக்கேட் பாறைமீது உருவான சுக்கான் படிவுகள். பாறைச் சுண்ணாம்பு மட்டுமே காரணம் என்பது நிற்காது.

இதைவிடக் கடினமான மறுப்பு இரும்பு. கஞ்சமலைத் தாதுவை உருக்கப் பழங்காலம் முதல் மரக்கரி எரிந்தது. 1830-களில் ஜோசையா ஹீத்தின் போர்ட்டோ நோவோ இரும்பாலையும் சேலம் தாதுவையே நாடியது. மரம் குறைந்தது உண்மை. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் கரிமூட்டம் மரத்தின் எண்ணிக்கையைத்தான் குறைக்கும். பல்லாயிரம் ஆண்டுகளில் இறுகும் அடர்ந்த சுக்கான் அடுக்கைச் சில நூற்றாண்டுகளில் உண்டாக்காது. மேல்மண்ணின் சி4 அடையாளம் சோளம், கம்பு சாகுபடியாலும் வரக்கூடும் என்பதால், உழவுக்கு எட்டாத ஆழத்துச் சுக்கானின் கார்பன்-13 விகிதமே இவ்வழக்கைத் தீர்க்க வல்லது. அந்த அளவீடு ஊர்தோறும் நடக்கும்வரை, மேச்சேரி ஆடு மேயும் புறம்போக்கைப் பாழ்நிலம் எனக் குறித்து மரம் நடுவோர்தாம் அங்கே காடு இருந்ததை நிறுவக் கடமைப்பட்டவர்கள்.