குரோம்பேட்டையில் ‘குரோம்’ எங்கிருந்து வந்தது? ஒரு பெல்ட்டின் கதை

இந்த எபிசோடு நான் சொதப்பின ஒரு பெல்ட்டில் இருந்து ஆரம்பிக்குது.

நாள் முழுக்க ஸ்கிரீனைப் பார்க்கிறவனுக்குக் கையால ஏதாவது செய்யணும்னு ஒரு வெறி வருமில்லையா? எனக்கு அது பெல்ட். பெரியமேட்டுக்குப் போனேன். சதுர அடிக் கணக்கில் தோல் வாங்கினேன். பிரவுன் கலர், பஞ்சு மாதிரி மெத்துன்னு இருந்தது. ஸ்டீல் ஸ்கேல் வெச்சு நாலு சென்டிமீட்டர் அகலத்தில் பட்டையா வெட்டி, ஓட்டை போட்டு, பக்கிள் மாட்டினேன். ரெண்டே மாசத்தில் பெல்ட் நீண்டுபோச்சு. நான் இளைக்கலைங்க, அது நிச்சயம்.

வேறொரு கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் வெட்டின ஓரத்தைப் பார்த்தார். நடுவில் லேசா சாம்பல் நீலம். “தம்பி, இது குரோம் தோலு. பேக் தைக்கலாம், பெல்ட்டுக்கு ஆகாது. இழுத்தா வந்துட்டே இருக்கும்.”

“அப்ப எது பாய் வாங்கணும்?”

“பட்டைத் தோலு. ஆவாரம்பட்டை போட்டுப் பதம் பண்ணது.”

இந்த ரெண்டு தோலுக்கும் நடுவில்தான் நம்ம ஊர் வரலாறு ஒரு நூறு வருஷம் ஓடியிருக்கு.

ஆவாரம்பட்டையை ஊறவெச்ச தண்ணியில் தோலை வாரக்கணக்கில் போட்டு, கடைசியில் கடுக்காய் கொடுத்து, எண்ணெய் தடவி எடுப்பது பழைய முறை. ‘ஈஸ்ட் இந்தியா’ தோல்னு உலகச் சந்தையில் பேர் வாங்கினது இதுதான். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பூட்ஸுக்கு இங்கிருந்து கப்பல் கப்பலாப் போச்சு. நாம இன்னைக்கு ஆவாரம்பூவை டீயாக் குடிக்கிறோம்.

குரோமியம் உப்பால் பதப்படுத்துவது அமெரிக்காவில் வந்தது. 1884-இல் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் காப்புரிமை வாங்கினார். பெண்கள் இடுப்பை இறுக்கும் கார்செட்டுக்குள்ள இருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க விடாத தோல் வேணும்னு தேடப் போய்க் கண்டுபிடிச்சது.

அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் ஆல்ஃபிரட் சேட்டர்டன். இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார். (காலேஜ் அப்போ கிண்டிக்குப் போகலை, சேப்பாக்கத்தில் இருந்தது.) ஓவியப் பள்ளியின் பொறுப்பும் அவர்கிட்ட இருந்தது. இன்னைக்கு அது அரசு கவின் கலைக் கல்லூரி, பெரியமேட்டுத் தோல் கடைகளில் இருந்து நடக்கிற தூரம். 1903 வாக்கில் அங்கே குரோம் சோதனைகளைத் தொடங்கினார்.

எதுக்காகன்னு படிச்சப்போதான் எனக்கு அவர்மேல மரியாதை வந்தது. கவலைக்காக! வருத்தம் இல்லைங்க, மாடு கட்டிக் கிணத்துத் தண்ணி இறைக்கிற கவலை. சாலுக்குக் கீழே தும்பிக்கை மாதிரித் தொங்கும் தோல் குழாய் எப்பவும் தண்ணியில் ஊறி அழுகிப்போகும். குரோம் தோல் தண்ணியைத் தாங்கும், வளைஞ்சு கொடுக்கும். சரியான வேலைக்குச் சரியான தோலைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். என்னை மாதிரி இல்லை.

ஆனா அரசாங்கமே தொழிற்சாலை நடத்துவதை இங்கிருந்த ஐரோப்பிய வியாபாரிகள் எதிர்த்தாங்க. 1910-இல் லண்டனில் இந்தியா மந்திரியா இருந்த மார்லி, அரசு வியாபாரம் பண்ணக்கூடாதுன்னு சொல்லிட்டார். தோல் ஆலையை வித்துட்டாங்க. அதுக்கப்புறம் 1912-இல் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்தில் குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். அதைச் சுத்தி உருவான பேட்டைதான் குரோம்பேட்டை. பீச்–தாம்பரம் ட்ரெயினில் எத்தனை தடவை அந்த போர்டைக் கடந்திருப்பேன், ஒரு தடவைகூட யோசிச்சதில்லை.

பெரிய திருப்பம் 1973-இல். சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, பாதி பதப்படுத்திய தோலை ஏற்றுமதி பண்ணக் கட்டுப்பாடு வந்தது. ஷூவாவும் பேக்காவும் செஞ்சு அனுப்பினாத்தான் காசு. ஷூ மேல்தோலுக்கு மெல்லிசா, மெதுவா, சீக்கிரம் தயாராகிற தோல் வேணும். வாரக்கணக்கு இல்லை, நாள் கணக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் குரோம் பக்கம் சாய்ஞ்சது.

விலையைப் பாலாறு கொடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டு, மாசுபடுத்தினவங்களே ஈடு கட்டணும்னு சொல்லிச்சு. கிணத்து நீர் கெட்டுப்போன விவசாயிக்கு அந்தத் தொகையைப் படிக்கும்போது எப்படி இருந்திருக்கும்? கிணத்துத் தண்ணி இறைக்க வந்த தோல், கிணத்தையே முடிச்சிருக்கு.

உடனே “அப்ப ஆவாரம்பட்டை ஆர்கானிக், நல்லது”ன்னு ஸ்டோரி போட்டுடாதீங்க. பச்சைத் தோல் கெடாம இருக்க உப்பு போட்டே ஆகணும். அந்த உப்பு ரெண்டு முறையிலும் தண்ணியில்தான் சேரும். பட்டைத் தோலுக்குப் பேர்போன திண்டுக்கல்லிலும் நிலத்தடி நீர் கெட்டதுதான். ரெண்டு முறையிலும் கையை நனைச்சவங்க பெரும்பாலும் ஊர் ஒதுக்கி வெச்ச சாதிக்காரங்க. தோலை ‘லக்ஸுரி’ன்னு விக்கிறப்போ இதை யாரும் லேபிளில் எழுதுறதில்லை.

சரி, என் பெல்ட். பாய் சொன்ன மாதிரி ஈஸ்ட் இந்தியா தோல் தேடி வாங்கினேன். வயித்துப் பக்கத்தைத் தள்ளிட்டு, முதுகெலும்புக் கோட்டோட ஒட்டி நீளவாக்கில் வெட்டினேன். அங்கேதான் நார் நெருக்கமா இருக்கும், இழுபடாது. ரெண்டு மில்லிமீட்டர் கனம்தான் கிடைச்சது, அதனால ரெண்டு பட்டையை ஒட்டித் தைச்சேன். ஆறு மாசமா அதே ஓட்டையில்தான் போடுறேன்.

மிச்சமிருந்த குரோம் தோலில் கண்ணாடி வைக்க ஒரு பை தைச்சேன். அதுக்கு அது அருமையா இருக்கு.