மெழுகும் சாயமும்

கைத்தொழில் செய்வோன் கூலி, சித்திரம் எழுதுவோன் கலைஞன் என்னும் பேதம் நம்மவரிடையே வேரூன்றியது. பினாங்கு ஓவியர் சுவா தியன் தெங்கின் சரித்திரம் அதனைப் பொய்ப்பிக்கிறது. சீனத்திலிருந்து 1932-இல் இங்கு வந்த அவர் நடத்திய பாத்தேக் துணித் தொழிற்சாலை நொடித்தது. கையிலிருந்த மெழுகையும் சாயத்தையும் கொண்டே ஓவியம் படைத்து, 1955-இல் பினாங்கில் காட்சிக்கு வைத்தார்.

வேலையோ எளிதன்று. உருக்கிய மெழுகைச் சாந்திங் என்னும் சிறு மூக்குக் கருவியால் துணியில் இட்டு, சாயம் தோய்த்து உலர்த்தல் வேண்டும். மெழுகு பட்ட இடம் சாயம் ஏலாது. வெளிர் நிறம் முந்தி, கருநிறம் பிந்தி. ஒவ்வொன்றுக்கும் இதே பாடு. தவறிய கோட்டை அழிப்பதற்கில்லை. கொதிநீரில் மெழுகைக் களைந்த பின்னரே படம் முழுதும் புலப்படும். சாயத்தொட்டியில் குனிந்த முதுகை நாம் கலைஞன் முதுகென்று எண்ணுவதுண்டா?

அவர் எழுதியவையும் தாய் சேய், மீனவர் முதலிய எளியோர் உருவங்களே. 2008-இல் மறைந்தார்.