பைரவர் சன்னதி நாய்களும் தெலோம் ஆற்று நாயும்

போன தேய்பிறை அஷ்டமி பூஜை முடிஞ்சதும் ரெண்டு மூனு பேர் எங்ககிட்ட வந்து, "கோயில் பின்னாடி படுத்திருக்கிற நாய்ங்கள நகராண்மைக் கழகத்துல சொல்லிப் பிடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க"ன்னாங்க. ஒரு பெரியவருக்குக் கோபம் வந்துருச்சு. "பைரவருக்கு விளக்கு ஏத்திட்டு அவர் வாகனத்தை விரட்டுறதா?" பேச்சு சூடாகிப் போனதால்தான் இந்தப் பதிவு.

தெரு நாய், சாதி நாய் இல்லைன்னு இதுங்களை ஒதுக்குறோம். ஆனால் நம் மலேசியக் காட்டுக்கே சொந்தமான பழைய நாய் இனம் ஒன்று உண்டு. பெயர் தெலோமியன். பஹாங்கில் ஓடும் தெலோம் ஆற்றின் பெயரால் அழைக்கப்படுவது. அங்குள்ள பூர்வக்குடி மக்களோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நாய். 1963-இல் ஓர்வில் எலியட் என்ற மானிடவியல் ஆய்வாளர் இதைக் கண்டு அமெரிக்காவுக்குக் கொண்டுபோன பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது.

நடுத்தர உருவம், குட்டை முடி, பழுப்பு நிறத்தில் அங்கங்கே வெள்ளை, விறைச்சு நிக்கிற காது. பூர்வக்குடியினர் வீடுகள் கம்பங்கள் மேல உயரமா இருக்கும். இந்த நாய் ஏணியில் தானே ஏறி உள்ளே போகுமாம்! நம்ம வீட்டு நாய் மாடிப்படி ஏறவே யோசிக்குது. காட்டில் இரை தேடும், மனிதர் போடும் மரவள்ளிக்கிழங்கையும் தின்னும். பாதி காடு, பாதி வீடு.

ஆஸ்திரேலியாவின் டிங்கோவும் இதே மாதிரிதான். ஆசியாவிலிருந்து மனிதரோடு கடல் தாண்டிப்போய், அங்கே மறுபடி காட்டு விலங்கானது. அங்கே கிடைத்த அதன் எலும்புகளுக்கு 3,000 வயதுக்கு மேல்.

லுக்குட் தோட்டத்து லயத்து நாயையும் நம்ம பாட்டன் பாட்டி காசு கொடுத்தா வாங்கினாங்க? விடியக்காலையில பால்மரம் வெட்டப் போறவங்களுக்கு முன்னால ஓடும். பாம்பு கிடந்தா அதுதான் முதல்ல குரைக்கும். நம்ம கோயில் நாய்கள் தெலோமியன்னு நாங்க சொல்லல, பல ரத்தம் கலந்ததுதான். இருந்தாலும் வந்த வழி ரொம்பப் பழசு.

பிள்ளைங்க பயப்படுறதும் நியாயம்தான். அதனால் பிடிச்சுக் கொடுக்காம, தடுப்பூசியும் கருத்தடையும் செய்யலாம்னு நாங்க முடிவு பண்ணியிருக்கோம். செலவுக்கு உதவ நினைக்கிறவங்க அடுத்த அஷ்டமியன்று தொண்டர்களைப் பாருங்க. அதுவரை நாய்களுக்குப் பாயசம், லட்டு போட வேண்டாம். வெறும் சோறு போதும்.