சேர்ந்து இருக்க முடியாதவர்களின் மனவடு

ஒட்டுசுட்டான் சந்தியில் உழவு இயந்திரம் ஒன்றின் டயர் வெடித்தபோது, தேத்தண்ணிக் கடைக்குள் என்னோடு இருந்தவர் மேசைக்குக் கீழே படுத்துவிட்டார். பிறகு எழும்பிச் சாரத்தைத் தட்டிக்கொண்டு, "பழக்கதோசம் தம்பி" என்றார். அவர் முன்னாள் போராளி. வைத்தியரிடம் போனால் தலையிடி, நித்திரை இல்லை, யோசனை கூட என்று மட்டும்தான் சொல்வார். எங்கள் சனத்தின் மனநோவு பெரும்பாலும் உடம்பு நோவாகத்தான் வெளியே வரும். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இதைப்பற்றி நிறைய எழுதியிருக்கிறார்.

இதற்குப் பெயர்கள் பல. முதலாம் உலகப்போரில் 'ஷெல் ஷொக்' என்றார்கள். வியட்நாம் போருக்குப் பின்னர், 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இதைத் தனி நோயாக வகைப்படுத்தியது. தமிழில் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்கிறோம். நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வரும், சின்னச் சத்தத்துக்கும் உடல் அதிரும், நினைவூட்டும் இடங்களைத் தவிர்க்கத் தோன்றும், பாசம் மரத்துப்போகும்.

இராணுவங்கள் அன்றே ஒரு முறையைக் கண்டுபிடித்தன. கலங்கிய சிப்பாயைக் களத்துக்கு அருகிலேயே வைத்து, தாமதமின்றி, 'நீ தேறிவிடுவாய்' என்று சொல்லிப் பராமரிப்பது. ஆளைச் சுகப்படுத்துவதைவிட, திரும்பச் சண்டைக்கு அனுப்புவதே அதன் நோக்கம். ஆனாலும் அதற்குள் ஒரு உண்மை இருந்தது: கூட இருந்தவர்களிடமிருந்து ஆளைப் பிரிக்கக்கூடாது. இலங்கைக் கடற்படையினரிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வொன்றில், மனவடு நோய் ஏறத்தாழ 2 வீதத்தினரிடமே காணப்பட்டது. அணிக்குள் இருந்த தோழமை மனநலத்தைக் காத்தது என்பதும் அதில் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2009 மே மாதத்துக்குப் பின்னர் சுமார் 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். தையலும் தச்சும் படிப்பித்தார்கள். ஆனால் அங்கே பொறுப்பாக இருந்தது அவர்களோடு சண்டைபிடித்த இராணுவம். அந்த இடத்தில் யார் மனந்திறந்து பேசுவது? விடுதலையான பிறகும் விசாரணைகள் தொடர்ந்தன. பழைய தோழர்கள் இரண்டுபேர் ஒன்றாக நின்று கதைத்தாலே கேள்வி வரும் என்ற பயத்தில், ஒரே ஊரில் இருந்தும் ஒருவரையொருவர் காணாதவர்போல் போனார்கள். தோல்வியையும் காயத்தையும் ஆளுக்காள் தனியாகச் சுமந்தார்கள். சிலருக்குச் சாராயம்தான் துணை. அதைக் குணக்கேடு என்று ஊர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

வீட்டுக்காரர் கவனிக்கவேண்டியவை சில உண்டு. நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தவேண்டாம். கனவில் கத்தினால் தொட்டு எழுப்பாமல், தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். உயிரை மாய்ப்பதுபற்றிக் கதைத்தால் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். பேச்சுவழிச் சிகிச்சையும் மருந்தும் வருடங்கள் கடந்த பிறகும் பலன்தரும்.

மாஞ்சோலையில் உள்ள மாவட்ட வைத்தியசாலைக்கு வரச்சொல்லிக் கடைக்காரரும் நானும் அவரைக் கேட்டிருக்கிறோம். கூட வந்தால் வாறன் என்றிருக்கிறார். கூலிவேலை இல்லாத நாளாகப் பார்த்துப் போகவேண்டும்.