மாறியின் விலாசம்

"ரீச்சர், மாறியைக் காணேல்லை."

உடுவிலில் எங்கள் விறாந்தைக்கு சி மொழி படிக்க வருகிற பிள்ளைகள் எல்லோரும் என்றாவது ஒருநாள் இப்படிச் சொல்வார்கள். புரோகிராமை ஜிடிபி டிபக்கரில் இடையில் நிறுத்தி, ஒரு மாறியின் பெறுமதியைக் கேட்டிருப்பார்கள். எண் வராமல் 'ஒப்டிமைஸ்ட் அவுட்' என்று வந்திருக்கும். டிபக்கர் பழுது என்று நினைப்பார்கள். அந்த விடையை நேர்மையாகச் சொல்ல இந்தத் துறைக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அந்தக் கதையைச் சொல்லாமல் நான் பாடத்தைத் தொடருவதில்லை.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. நாங்கள் புரோகிராமைக் கொப்பியில் எழுதி, கையால் ஓட்டிப் பார்த்துப் பழகினோம். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு கட்டம் கீறுவோம். பெறுமதி மாறினால் பழையதை வெட்டிப் புதியதை எழுதுவோம். கட்டம் மட்டும் இடம் மாறாது. மேம்படுத்தாமல் தொகுத்த புரோகிராமும் ஏறக்குறைய அப்படித்தான்: ஸ்டாக்கில் மாறிக்கென்று ஓர் இடம், ஃபங்ஷன் முடியும்வரை அதே இடம். வேகம் தேடும் கொம்பைலர் இதைக் கலைத்துவிடுகிறது. அது நினைவகத்தைத் தவிர்த்து ரெஜிஸ்டர்களில் வேலையை முடிக்கப் பார்க்கும். 64-பிட் இன்டெல் வகைக் கணினிகளில் பொதுத் தேவைக்கு நெடுங்காலமாக 16 ரெஜிஸ்டர்களே இருந்து வந்தன. அவற்றில் எல்லா மாறிகளும் முறை வைத்துத்தான் குடியிருக்க வேண்டும்.

இது புதுப் பழக்கம் இல்லை. 1957இல் ஐபிஎம்மில் ஜோன் பக்கஸின் குழு வெளியிட்ட ஃபோர்ட்ரான் கொம்பைலரே, 704 கணினியின் 3 சுட்டெண் ரெஜிஸ்டர்களைச் சிக்கனமாகப் பங்கிடப் பெரும்பாடு பட்டது. 1981இல் அதே நிறுவனத்தின் கிரெகரி சைட்டினும் கூட்டாளிகளும் இந்தப் பங்கீட்டை, ஒரு வரைபடத்துக்கு நிறம் தீட்டும் கணக்காக மாற்றினார்கள். ஒரே நேரத்தில் தேவைப்படும் இரண்டு மாறிகளுக்கு ஒரே நிறம் கூடாது. தேவை முடிந்த மாறியின் ரெஜிஸ்டர் உடனே அடுத்ததற்குப் போகும்.

வேகத்துக்காகக் கொம்பைலர் கட்டளைகளின் வரிசையையும் மாற்றும். டிபக்கர் பொய் சொல்லத் தொடங்குவது இங்கேதான். பத்தாம் வரியில் 'எக்ஸ்' 5 ஆகிறது என்று வைப்போம். கொம்பைலர் அந்தக் கட்டளையைப் பன்னிரண்டாம் வரிக்குப் பின்னால் தள்ளிவிட்டது. பதினோராம் வரியில் நிறுத்திக் கேட்டால் பழைய 3 வரும். இல்லாத பிழையை இரவு முழுக்கத் தேட வேண்டியதுதான். 1982இல் ஜோன் ஹென்னஸி, மேம்படுத்திய புரோகிராமில் எந்த மாறியின் பெறுமதியை நம்பலாம், எது காலம் பிந்தியது, எது சந்தேகத்துக்குரியது என்று வகுத்து எழுதினார். 1984இல் போல் ஸெல்வெகர் தமது ஆய்வேட்டில் இன்னும் தெளிவாகச் சொன்னார்: முடிந்தால் புரோகிராமர் எதிர்பார்க்கும் விடையைக் கொடு, முடியாவிட்டால் உண்மையைச் சொல். இந்தத் துறையில் நான் மிக மதிக்கும் பேச்சு இது.

உண்மையைச் சொல்ல, மாறி எங்கே இருக்கிறது என்று கொம்பைலர் டிபக்கருக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். அப்படி எழுதும் வடிவம்தான் டுவார்ஃப். 1993இல் வந்த டுவார்ஃப் 2 வரைவில் இடப் பட்டியலுக்கு வழி இருந்தது. இந்தக் கட்டளையிலிருந்து அந்தக் கட்டளைவரை மாறி இந்த ரெஜிஸ்டரில், பிறகு ஸ்டாக்கில், பிறகு எங்கும் இல்லை. எங்கள் காணி உறுதியில் எல்லை எழுதுவது போல, பக்கத்தில் இருப்பதை வைத்தும் இடம் சொல்லலாம். 4 பைட் எண்களின் வரிசையில் ஓடும் லூப்பின் எண்ணி அழிந்து சுட்டி மட்டும் மிஞ்சியிருந்தால், சுட்டியிலிருந்து தொடக்க விலாசத்தைக் கழித்து 4ஆல் வகுக்க எண்ணி கிடைக்கும். கணக்கிட்டு வந்த எண்ணே மாறியின் பெறுமதி என்று நேரடியாகக் குறிக்கும் வசதி 2010இல், டுவார்ஃப் 4இல் சேர்ந்தது.

ஆனால் பட்டியலை எழுத வேண்டியது கொம்பைலர். அதற்கே வழி மறந்துவிட்டால்? அலெக்ஸாந்த்ரே ஒலிவா ஜிசிசி என்ற கொம்பைலரில் செய்த வேலையை நான் பிள்ளைகளுக்கு ஆறுதலாக விளக்குவேன். ஒவ்வொரு மாறிக்கும் பெறுமதி கிடைக்கும் இடத்தில் 'இப்போது இதன் பெறுமதி இது' என்று ஒரு குறிப்பை ஆரம்பத்திலேயே செருக வேண்டும். கட்டளைகளை மாற்றும் ஒவ்வொரு கட்டமும் குறிப்பையும் திருத்திக்கொண்டு போக வேண்டும். திருத்த முடியாவிட்டால் 'தெரியாது' என்று எழுத வேண்டும். பழைய இடத்தை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. இதற்கெல்லாம் மேலே ஒரு கடும் விதி: குறிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிறக்கும் இயந்திரக் கட்டளை ஒன்றாகவே இருக்க வேண்டும். இல்லையென்றால் நாம் ஆராய்வது ஒரு புரோகிராம், விழுந்தது வேறொரு புரோகிராம். இது 2010இல் ஜிசிசி 4.5இல் வந்தது.

2017இன் டுவார்ஃப் 5 இன்னொரு வாசலைத் திறந்தது. ஃபங்ஷனுக்குள் வந்த பெறுமதி அழிந்துபோனாலும், அதை அனுப்பிய ஃபங்ஷனிடம் இன்னும் இருக்கலாம். டிபக்கர் ஒரு படி மேலே ஏறி, அழைப்பு நடந்த இடத்தைப் பார்த்து, அதை மீட்டுவிடுகிறது. இதை முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வேலை முடியவில்லை. 2024இல் இன்னொரு கொம்பைலர் அமைப்பான எல்எல்விஎம்மின் 19ஆம் பதிப்பு, இத்தகைய குறிப்புகளைக் கட்டளை வரிசையிலிருந்து எடுத்துத் தனிப் பதிவுகளாக்கியது. குறிப்பு இருப்பதால் கட்டளை மாறிவிடக் கூடாது என்ற அதே கவலையும் அதற்கு ஒரு காரணம்.